ஏர் எடுத்த பிறகும் படகு எஞ்சின் மறுபடி நின்றுவிடுவது ஏன்?

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகின் டீசல் பில்டர்களை மாற்றியதாகவும், ஏர் எடுத்த (டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றிய) பிறகே எஞ்சின் ஸ்டார்ட் ஆனதாகவும், பத்து நிமிடம் ஓடியதும் மறுபடி நின்றுவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கட்டிக் கிடந்த பிறகு, நாகப்பட்டினத்தில் எங்கள் குடும்பப் படகிலும் இதே தொல்லை வந்திருக்கிறது. ஆகவே நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் முனையான நாசில் திறக்க, பழைய வகை எஞ்சின்களில் ஏறக்குறைய 200 பார் அழுத்தம் தேவை. டீசல் அமுங்காது, காற்று அமுங்கும். அந்த அழுத்தத்தைத் தரும் இன்ஜெக்ஷன் பம்பின் பிளஞ்சர் (உள்ளே மேலும் கீழும் நகரும் தண்டு) மேலே வரும்போதெல்லாம் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அது கீழே இறங்கும்போது விரிந்துகொள்வதால், எத்தனை முறை ஸ்டார்டரைச் சுழற்றினாலும் நாசில் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறுவதில்லை.

ஏர் எடுக்கும்போது டாங்கிலிருந்து தொடங்கி, டீசல் போகும் வழியிலேயே வர வேண்டும். முதலில் டாங்கில் போதிய டீசல் இருக்கிறதா, வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை ஓரிரு சுற்றுத் தளர்த்தி, டாங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் பீட் பம்பின் கைப்பிடியை நிதானமாக அடித்தால் முதலில் நுரையும் குமிழியுமாக வரும். அது தெளிந்த டீசலாக ஓடும்போதே, கைப்பிடியை அடித்துக்கொண்டே, ஸ்க்ரூவை இறுக்கிவிட வேண்டும். அடிப்பதை நிறுத்திவிட்டு இறுக்கினால் அந்த ஒரு நொடியில் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் ஸ்க்ரூவிலும் இதையே செய்யுங்கள். அதன் பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் நாசில் பைப்புகளின் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, திராட்டிலைத் திறந்து வைத்து ஸ்டார்டரைச் சுழற்றி, டீசல் வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். அப்போது பைப்பின் வாயருகே கையைக் கொண்டுபோகவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும், அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காமன் ரெயில் எஞ்சினாக (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) இருந்தால் இந்த நட்டுகளைத் தொடாதீர்கள்.

ஸ்டார்டரை ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து நொடிக்கு மேல் சுழற்றாமல் ஆறவிட்டுச் சுழற்றுங்கள். உங்கள் படகில் கடல்நீர் புகையோடு கலந்து வெளியேறும் எக்சாஸ்ட் இருந்தால், அதுவரை கடல்நீர் வால்வை மூடி வையுங்கள். எஞ்சின் ஓடாமல் வெறுமனே சுழலும்போது சைலன்ஸரில் நிறையும் நீரைத் தள்ளப் புகையின் வேகம் இருக்காது. அது பின்வாங்கிச் சிலிண்டருக்குள் போனால் எஞ்சினே பாழாகும். எஞ்சின் பிடித்தவுடன் வால்வைத் திறக்க மறக்காதீர்கள்.

இனி உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். பத்து நிமிடம் ஓடி நிற்கிறதென்றால் நீங்கள் ஏர் எடுத்தது சரியாகவே இருந்திருக்கலாம். காற்று புதிதாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். பீட் பம்பைத் தாண்டி எஞ்சின் பக்கம் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசிந்து கண்ணில் படும். டாங்குக்கும் பீட் பம்புக்கும் இடையிலோ பம்ப் டீசலை உறிஞ்சுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் எஞ்சின் ஓடும்போது ஒரு சொட்டுக்கூட வெளியே வராமல் காற்று மட்டும் உள்ளே போகும். அதனால்தான் எல்லோரும் அந்தப் பகுதி காய்ந்து சுத்தமாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துபோகிறோம்.

இதைக் கண்டுபிடிக்க, சுத்தமான டீசல் நிறைந்த கேன் ஒன்றை எஞ்சினுக்கு மேலே வைத்து, அதிலிருந்து ஒரு ஹோஸை நேராகப் பீட் பம்பில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் குறை டாங்குப் பக்க லைனில்தான் இருக்கிறது. கிளிப் அருகே வெடித்த ரப்பர் ஹோஸ், தண்ணீர் பிரிக்கும் பில்டரின் கேஸ்கெட், டாங்கினுள் இருக்கும் உறிஞ்சு குழாய் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கேன் வைத்தும் நின்றால் பீட் பம்பின் கைப்பிடி சரியாகத் திருகப்பட்டிருக்கிறதா, அதன் சீல் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் படகில் இரண்டு நாள் தேடிய பிறகு, பீட் பம்புக்குள் டீசல் நுழையும் இடத்துப் போல்ட்டின் பழைய செம்பு வாஷரில்தான் குறை என்று தெரிந்தது. பில்டர் மாற்றியபோது கழற்றிய அதே வாஷரைத் திரும்பப் போட்டிருந்தோம். ஒருமுறை நசுங்கி இறுகிய செம்பு மறுபடி சரியாகப் படியவில்லை. இரண்டு பக்கமும் புது வாஷர் போட்டு, மறுபடி ஏர் எடுத்தோம். அந்தப் பருவம் முழுவதும் அந்த எஞ்சின் டீசல் குறையால் கடலில் நிற்கவில்லை.