வாசகர் கேள்வி: தரையில் நிற்கும் கால் ஏன் தயங்குகிறது?

கேள்வி: விடுமுறைக்கு வந்த பேரன், கண்களை மறைத்துத் தலையில் மாட்டும் தன் வி.ஆர். (மெய்நிகர் உண்மை) ஹெட்செட்டை எனக்கு மாட்டிவிட்டான். ஐந்து நிமிடத்தில் குமட்டல் வந்துவிட்டது. அவனோ ஒரு மணி நேரம் விளையாடுகிறான். அதற்குள் அப்படி என்னதான் இருக்கிறது? கோளாறு கருவியிலா, என் உடம்பிலா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இரண்டிலும் கோளாறு இல்லை, அம்மா. நம் கண்களுக்கு நடுவே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால், ஒரே பொருளை ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறு கோணத்தில் பார்க்கிறது. அந்த வேறுபாட்டைக் கொண்டு மூளை தொலைவைக் கணிக்கிறது. 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் இரண்டு படங்களையும் முகம் பார்க்கும் கண்ணாடிகள் இரண்டையும் வைத்தே இதை விளக்கிக் காட்டினார். ஹெட்செட்டும் கண்ணுக்கு ஒன்றாக இரு காட்சிகளை லென்சுகள் வழியே காட்டுகிறது. இதுவரை முப்பரிமாண சினிமாவுக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை.

வேற்றுமை, நீங்கள் தலையைத் திருப்பும்போது தொடங்குகிறது. உள்ளிருக்கும் உணரிகளும் முகப்பிலுள்ள கேமராக்களும் தலையசைவை இடைவிடாமல் அளந்து சொல்ல, அதற்கேற்பக் காட்சி நொடிக்கு 72 முறையோ அதற்கு மேலோ புதிதாக வரையப்படுகிறது. 1968இல் ஐவன் சதர்லேண்ட் என்ற கணினி அறிவியலாளர் அமெரிக்காவில் செய்து காட்டிய கருவியைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. அதில் தெரிந்தவையும் வெறும் கோட்டுருவங்கள்தாம். ஆயினும், தலையோடு காட்சியும் திரும்ப வேண்டும் என்ற அடிப்படை அதிலேயே இருந்தது.

விளையாட்டுக்குள் ஓடும்போது 'ஓடுகிறோம்' என்கிறது கண். 'உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு. இந்த முரண்பாடே உங்கள் குமட்டலுக்குக் காரணம். இருந்த இடத்திலிருந்தே சுற்றிப் பார்க்கும் காட்சிகளில் தொடங்குங்கள். குமட்டினால் உடனே கழற்றிவிடுங்கள், பொறுத்துக்கொள்ள வேண்டாம். லென்சுகளின் இடைவெளி பேரனின் கண்ணளவுக்கே வைக்கப்பட்டிருக்கக்கூடும்; முதலில் அதை உங்களுக்கு ஏற்ப மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: விளையாட்டைத் தவிர இக்கருவிக்கு உருப்படியான பயன் உண்டா?
- செவிலியர் கல்லூரி மாணவி, புதுச்சேரி

பதில்: நிச்சயமாக உண்டு. புதுச்சேரியில் நண்பர் வீட்டில் நான் முதன்முதலாக இதை மாட்டிக்கொண்டபோது, வானளாவிய கட்டடத்தின் உச்சியில் நீட்டிய ஒற்றைப் பலகையின் முனையில் நின்றேன். வெறுங்காலுக்கு அடியில் சிவப்பு ஆக்சைடு தரையின் குளிர்ச்சி தெளிவாகத் தெரிந்தது. இருந்தும் ஓரடி எடுத்துவைக்க என் கால் மறுத்துவிட்டது. பொய்யென்று அறிந்தும் உடல் அஞ்சுகிறது என்பதால்தான் இது மருத்துவத்துக்குப் பயன்படுகிறது. உயரத்தைக் கண்டு அஞ்சுவோரை மெய்நிகர் பாலங்களிலும் மாடிகளிலும் படிப்படியாக நிற்கவைத்து அச்சத்தைக் குறைக்க முடியும் என்று அமெரிக்க உளவியலாளர் பார்பரா ரோத்பாம் குழுவினர் 1995இலேயே ஆய்வு வெளியிட்டனர்.

நீங்கள் செவிலியம் படிப்பதால் இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது நோயாளியைப் பனிமலைக் காட்சி ஒன்றுக்குள் அனுப்பி, பனிப்பந்து வீசவைக்கிறார்கள். கவனம் அங்கே போய்விடுவதால் வலியை உணர்வது குறைகிறது. வலி மருந்துக்குத் துணையாகத்தான் இது, மாற்றாக அன்று. கடலூர் சிப்காட் போன்ற ரசாயனத் தொழிற்பேட்டைகளில், வாயு கசிந்தால் எந்த வால்வை மூடுவது, எவ்வழியே வெளியேறுவது என்பதையும் ஆபத்தில்லாமல் இப்படிப் பழகலாம். ஆனால் ஊசி தோலுக்குள் இறங்கும்போது கை உணரும் அந்த மெல்லிய தடையை, கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் தராது. அதை வார்டில்தான் கற்க வேண்டும்.

கேள்வி: என் 7 வயது மகள் கேட்கிறாள், வாங்கித் தரலாமா?
- இல்லத்தரசி, முத்தியால்பேட்டை

பதில்: இப்போது வேண்டாம். மெட்டா நிறுவனம் 10 வயதையும் சோனி 12 வயதையும் குறைந்தபட்ச வரம்பாக வைத்துள்ளன. வயது வந்தபின் வாங்கினாலும், மின்விசிறிக்குக் கீழும் மாடிப்படிக்கு அருகிலும் நின்று விளையாட விடாதீர்கள். மாட்டியிருப்பவருக்கு அவை கண்ணில் படுவதில்லை.