எச்சரிக்கை மணியைக் கணினி அடிக்கும், விசாரிக்க ஆள் வேண்டும்

கொட்டகலையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உயர்தர வர்த்தகப் பிரிவில் மகள் நல்ல பெறுபேறு பெற்றிருந்தும் வங்கித் துறைக்கு அனுப்பத் தயங்குகிறீர்கள். "கள்ளப்பணத்தைக்கூடக் கணினியே பிடித்துவிடுமாமே, பிறகு இவளுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கணினி எதைச் செய்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று சொல்கிறேன். பிறகு முடிவெடுங்கள்.

பத்து இலட்சம் ரூபா எல்லையைத் தாண்டும் காசுக் கொடுக்கல்வாங்கல்களை மத்திய வங்கியிலுள்ள நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு வங்கிகள் அறிவிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு இது. கள்ளப்பணத்தை நல்ல பணம்போல் வெளுக்க நினைப்பவனுக்கும் இந்த எல்லை தெரியும். ஆகவே ஹட்டனில் 980,000, நாவலப்பிட்டியில் 970,000, மறுநாள் கண்டியில் 990,000 என்று பிரித்துப் போடுவான். மூன்று காசாளர்களுக்கும் அது அன்றாட வைப்புத்தான். மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது மென்பொருள். ஒரே கைப்பேசியிலிருந்து இயங்கும் பல கணக்குகள், வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று ஓடத் தொடங்கும் பழைய கணக்கு ஆகியவற்றையும் அது கண்டுகொள்ளும். ஒரு மனிதர் ஆயுள் முழுக்க உட்கார்ந்தாலும் அத்தனை இலட்சம் பதிவுகளைப் புரட்ட முடியாது.

ஆனால் அது எழுப்பும் எச்சரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை குற்றமற்றவர்கள் மீதே விழுகின்றன. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான ஒரு லயத்தில் மூன்று வீட்டுப் பெண்கள் வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறார்கள். மூவரும் வங்கிக் கணக்கு உள்ள ஒரே அக்காவின் பெயருக்குப் பணம் அனுப்புகிறார்கள். அவர் அன்றைக்கே டவுனுக்குப் போய் முழுவதையும் எடுத்து வந்து பங்கிட்டுக் கொடுக்கிறார். உறவில்லாத பலர் அனுப்பும் பணம் ஒரே கணக்குக்கு வந்து, வந்த கையோடு காசாக வெளியேறுகிறது. மோசடிக்காரர்கள் இரவல் வாங்கும் கணக்கும் அச்சாக இப்படித்தான் ஓடும். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. அந்த அக்காவிடம் எதைக் கேட்க வேண்டும், எந்தப் பத்திரத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பது லயத்து வாழ்க்கையை அறிந்தவருக்குச் சட்டென்று பிடிபடும். உங்கள் மகளிடம் இந்த அறிவு ஏற்கெனவே இருக்கிறது. இதை நான் மிகப் பெரிய தகுதியாக நினைக்கிறேன்.

வங்கிகளில் இதற்கென்றே 'கொம்ப்ளயன்ஸ்' என்று, வங்கி சட்டவிதிகளின்படி நடக்கிறதா என்று பார்க்கும் ஒரு பிரிவு உண்டு. எச்சரிக்கையை ஆராய்ந்து, சந்தேகம் உறுதியானால் இரண்டு வேலை நாட்களுக்குள் மத்திய வங்கியின் அந்த உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு அதைக் கசியவிடுவது குற்றம். சந்தேகம் இல்லை என்று முடித்தாலும் ஏன் என்று காரணம் எழுதி வைக்க வேண்டும். அந்தக் காரணத்துக்குப் பொறுப்பேற்கும் கையெழுத்தைக் கணினி போடாது. கள்ளப்பணத்தைத் தடுப்பதில் குறைபாடுள்ள நாடுகளின் சர்வதேசக் கண்காணிப்புப் பட்டியலில் இலங்கை 2017இல் சேர்க்கப்பட்டு 2019இல்தான் அதிலிருந்து வெளியே வந்தது. ஆகவே கொம்ப்ளயன்ஸ் பிரிவை எந்த வங்கியும் அலட்சியமாக விட முடியாது.

படிப்புக்கு வருவோம். பல்கலைக்கழக அனுமதி கிடைத்தால் நிதி, கணக்கியல், புள்ளிவிபரவியல் இவற்றில் எது கிடைத்தாலும் நல்லது. பதுளையின் ஊவா வெல்லஸ்ஸ, பேராதனை இரண்டையும் பாருங்கள். கிடைக்காவிட்டால் வங்கியில் பயிலுநராகச் சேர்ந்து இலங்கை வங்கியாளர் நிறுவகத்தின் பரீட்சைகளை எழுதலாம். எப்படியானாலும் எக்செல்லை நன்றாகப் பழகி, தரவுத்தளத்தில் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் மொழியையும் கற்கட்டும். மூன்றே மாதத்தில் செயற்கை நுண்ணறிவு நிபுணராக்குகிறோம் என்று பெருந்தொகை கேட்கும் வகுப்புகளுக்கு நகையை அடகு வைக்காதீர்கள். அந்தப் பணத்தை ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் செலவிடுங்கள். அறிக்கை எழுதத் தெரியாதவர் இந்தப் பிரிவில் நிலைக்க முடியாது.

இன்னொன்றை இன்றைக்கே மகளிடம் சொல்லுங்கள். "உன் கணக்குக்குக் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடு, கமிஷன் தருகிறோம்" என்று யார் கேட்டாலும், கூடப் படித்த தோழியே கேட்டாலும், சம்மதிக்கக் கூடாது. இப்படிக் கணக்கைக் கொடுக்கும் பிள்ளைகள் விசாரணையில் மாட்டிக்கொள்கிறார்கள். பிறகு எந்த வங்கியும் அவர்களை வேலைக்கு எடுக்கத் தயங்கும்.