குறுகிய கால வெளிநாட்டுப் பாடநெறி என்றால் என்ன, கலைப்பீட மாணவர்கள் எப்படித் திட்டமிடுவது?

ஒரு பாடத்தை இரண்டு, மூன்று கிழமைகளுக்குள் இன்னொரு நாட்டில் இருந்து படித்து முடிப்பதுதான் இது, வரலாறோ மொழியியலோ நாடகமோ எதுவானாலும்.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில், அதாவது பட்டங்களின் தரத்தையும் படிப்பின் அளவையும் வரையறுக்கும் ஏற்பாட்டில், ஒரு கிரெடிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) என்பது 50 மணித்தியாலப் படிப்பு. அப்படியானால் 3 கிரெடிட்டுக்கு 150, அதை மூன்று கிழமைக்குள் அடைத்தால் ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் தினமும் 7 மணித்தியாலத்துக்கு மேல் வரும். அருங்காட்சியகத்தையும் சுவடிக்கூடத்தையும் எப்போது பார்ப்பது? அதனால்தான் வாசிப்பைப் போகுமுன்பே முடித்துவிட்டு, கட்டுரையைத் திரும்பி வந்து எழுதும்படி நல்ல பாடநெறிகளை அமைக்கிறார்கள். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்த சிறுபோகத்துக்கு மூன்று மாத நெல் விதைப்பதுபோலத்தான், விதைத்த பிறகு பிழை திருத்த நாள் இருக்காது, நிலத்தை முன்னமே பண்படுத்தி வைக்க வேண்டும்.

வன்னிப் பிள்ளைகள் இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். கடவுச்சீட்டை வவுனியாவிலேயே எடுக்கலாம், ஆனால் விசாவுக்குக் கைரேகை கொடுக்கப் பெரும்பாலும் கொழும்புக்கே போகவேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பரீட்சைக் காலத்தோடு மோதாமல் பாருங்கள். பணத்தைப் பொறுத்தவரை, உதவித்தொகை பாடக் கட்டணத்துக்கு மட்டுமா, விமானச் சீட்டுக்கும் சேர்த்தா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், வீட்டில் நகை அடகு வைக்கும் நிலை வரக்கூடாது.

சான்றிதழ் கையில் இருந்தால் கிரெடிட் தானாகப் பட்டத்தில் சேர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அப்படியில்லை, உங்கள் பீடம் போகுமுன்பே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.