கேக் வெட்டினால் போதுமா? செல்லப்பிராணி கிளினிக் ஊழியர்கள் பற்றிக் கேள்வி பதில்

செல்லப்பிராணி கிளினிக்குகளின் நிர்வாகத்தைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஊழியர்களுக்கு மதிப்புக் கொடுப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இது.

தீபாவளிக்குப் போனஸ், புதுத்துணி, பிறந்தநாளுக்குக் கேக், எல்லாம் செய்கிறேன். அப்படியும் இந்த வருடம் இரண்டு உதவியாளர்கள் நின்றுவிட்டார்கள். என்ன குறை? (கால்நடை மருத்துவர், திருச்சி)

கேக்கை விடுங்கள் டாக்டர். அவர்கள் ராத்திரி எத்தனை மணிக்குப் பஸ் ஏறுகிறார்கள் என்று தெரியுமா? போர்டில் ஒன்பது மணி என்று இருக்கும். எட்டே முக்காலுக்கு பார்வோ வைரஸ் தாக்கி ரத்தமாகப் பேதி போகும் நாய்க்குட்டி ஒன்று வரும். வென்ஃப்ளான் (ரத்தக்குழாயில் செருகும் சின்னக் குழாய்) போட்டு டிரிப்ஸ் ஏற்றும்வரை ஒருவர் அதன் முன்னங்காலை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அப்புறம் கூண்டு, மேசை, தரை எல்லாவற்றையும் பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும். வெறும் பினாயிலுக்குப் பார்வோ கிருமி சாகாது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது, அடுத்து வரும் குட்டிக்கு ஒட்டிக்கொள்ளும். எல்லாம் முடியப் பத்தரை. நீங்கள் காரில் போய்விடுவீர்கள். துடைத்த அக்கா சொந்தக் காசில் ஆட்டோ பிடிப்பார்.

அந்த ஆட்டோ காசை அன்றைக்கே கையில் கொடுங்கள். மறுநாள் தாமதமாக வரச் சொல்லுங்கள். யாருக்கு என்றைக்கு லீவு என்பதை மாத ஆரம்பத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். ஞாயிறுதான் நமக்குக் கூட்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஒவ்வொருவருக்கும் முறை வைத்துக் கொடுக்கலாம். கல்யாணம், காதுகுத்து எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் வைக்கிறார்கள். லீவில் இருப்பவரை 'ஒரு நிமிஷம் வந்துட்டுப் போ' என்று கூப்பிடவே கூடாது.

என்னிடம் கத்துபவர்கள் டாக்டர் அறைக்குள் போனதும் கை கூப்புகிறார்கள். டாக்டரும் நான் சொன்ன கட்டணத்தைக் குறைத்து, 'அந்தப் பொண்ணுக்குத் தெரியாது' என்று சொல்லி அனுப்புகிறார். (ரிசப்ஷனிஸ்ட், சென்னை)

இந்தக் கேள்வியை உங்கள் டாக்டர் படித்தால் நல்லது. கட்டணத்தைக் குறைப்பது அவர் உரிமை. அதற்கு உங்களை விலையாகக் கொடுப்பதுதான் தப்பு. 'அவங்க சொன்னதுதான் எங்க கட்டணம், உங்களுக்காக நான் குறைச்சுக்கிறேன்' என்று சொன்னால் அவருக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. கெட்ட வார்த்தை பேசுபவரிடம், 'எங்க ஸ்டாஃப்கிட்ட மரியாதையாப் பேசினால்தான் தொடர்ந்து பார்ப்பேன்' என்று மருத்துவரே வெளியே வந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன இடங்களில் வாடிக்கையாளர் குறைந்து நான் பார்த்ததில்லை.

பூனை விரலில் கடித்துவிட்டது. 'இந்த வேலையில் இதெல்லாம் சகஜம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். (உதவியாளர், மதுரை)

தம்பி, முதலில் இன்றைக்கே மனிதர்களுக்கான மருத்துவரிடம் போங்கள். பூனைப் பல் ஊசி மாதிரி. மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், கிருமி உள்ளே ஆழமாகப் போயிருக்கும். மூட்டுக்குப் பக்கத்தில் கடித்திருந்தால் ஒரே நாளில் விரல் வீங்கி மடக்க முடியாமல் போகலாம். எந்தக் கடியாக இருந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும்.

இனி முதலாளிகளுக்கு. விலங்கைத் தொடும் ஒவ்வொருவருக்கும் வேலைக்குச் சேரும்போதே ரேபிஸ் (வெறிநோய்) முன்தடுப்பூசி போடுங்கள், கூட்டித் துடைப்பவர் உட்பட. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைப்படி முதல் நாளும் அதிலிருந்து ஏழு நாள் கழித்தும் என இரண்டு முறை போட்டால் போதும். அதன்பிறகு கடிபட்டாலும் ஊசி உண்டு, ஆனால் அன்றைக்கும் மூன்று நாள் கழித்தும் மட்டும்தான். இம்யூனோகுளோபுலின் என்ற விலை அதிகமான எதிர்ப்புப் புரத மருந்து தேவைப்படாது. வைத்தியச் செலவும் வேலைக்கு வராத நாட்களின் சம்பளமும் கிளினிக் கணக்கில்தான் சேர வேண்டும். தடிமனான கையுறையும் விலங்குக்குச் சரியான அளவு வாய்க்கட்டும் வாங்கி வைக்காத இடத்தில் 'சகஜம்' என்ற சொல்லுக்கே இடமில்லை.

'நாம எல்லாரும் ஒரே குடும்பம்' என்று அடிக்கடி சொல்கிறேன். நல்லதுதானே? (கிளினிக் உரிமையாளர், கோவை)

சம்பளம் ஒன்றாம் தேதி வருகிறதா? அப்படியென்றால் சொல்லிக்கொள்ளுங்கள்.

எங்கள் அட்டெண்டர் அண்ணன் ரொம்ப காலமாக இருக்கிறார். ஊசி போட விடுங்கள் என்கிறார். விட்டால் அவருக்கு மதிப்பாக இருக்குமே? (கால்நடை மருத்துவர், ஈரோடு)

வேண்டாம். 1984ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி வைத்தியம் பார்க்கும் உரிமை பதிவு பெற்ற மருத்துவருக்குத்தான். சிறு சேவைகளைச் செய்ய அனுமதி பெறுபவர்களும் அதற்கான டிப்ளமோவோ சான்றிதழோ படித்தவர்கள், அதுவும் மருத்துவர் மேற்பார்வையில். ஏதாவது ஆனால் மாட்டிக்கொள்வது அந்த அண்ணன்தான்.

அவர் கேட்பது ஊசி இல்லை என்று நினைக்கிறேன். தனக்குத் தெரிந்தது நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்கிறார். வாயைத் திறந்து மாத்திரையை நாக்கின் அடியில் போடாமல் பின்பக்கம் தள்ளுவது எப்படி என்று நாய்க்காரருக்கு அவரே செய்து காட்டட்டும். ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும் நாயின் பக்கத்தில் உட்கார்ந்து ஈறின் நிறம், மூச்சு, உடல் சூடு பார்த்து கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்தும் போடட்டும். ஈறு வெளுப்பதை அவர்தான் முதலில் கவனித்தார் என்றால் அதை நாய்க்காரர் முன்னாலேயே சொல்லுங்கள்.

வலி தாங்காத நாயைக் கருணைக்கொலை செய்த அரைமணியில் எங்கள் ஆட்கள் உள்ளறையில் சிரித்துப் பேசுகிறார்கள். கண்டிக்கலாமா? (இளம் மருத்துவர், சேலம்)

வெளியே கேட்காமல் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள், அவ்வளவுதான். தலையைப் பிடித்திருந்தவர்கள் அவர்கள். உடலைத் துணியில் சுற்றி வண்டி வரை தூக்கிப் போனதும் அவர்கள்தான். அடுத்த கேஸைக் கூப்பிடும் முன் பத்து நிமிடம் டீக்கு விடுங்கள். ஒரே நாளில் இன்னொன்று வந்தால் நாயைப் பிடித்துக்கொள்ள வேறு ஒருவரைச் சொல்லுங்கள். நீங்களும் அவர்களோடு அந்த டீயைக் குடிக்கலாம்.