தனியாக இங்கிலாந்து: எதுவரை ரயில், எங்கே கார்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு வயது 59. வரும் ஜூன் மாதம் பன்னிரண்டு நாள் தனியாக இங்கிலாந்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன். வடபகுதியைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்துக்கொண்டால் நினைத்த இடத்தில் நிற்கலாம் என்கிறான் மகன். முழுக்க ரயிலிலேயே போய் வா என்கிறாள் தோழி. எனக்கு இருபது ஆண்டு கார் ஓட்டிய பழக்கம் உண்டு. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: ஒன்பது நாள் ரயில், மூன்று நாள் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். துணையோடு காரில் போகும்போது ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் வழி பார்ப்பார், இருவருமாக வெளியே காட்சிகளைப் பார்த்துக்கொண்டு போவார்கள். தனியாகப் போகிறவருக்கு இந்த மூன்று வேலையும் ஒரே தலையில் விழுகிறது; அவற்றுள் முதலில் கைவிட்டுப்போவது காட்சிகளைப் பார்ப்பதுதான். ஆகவே ஊருக்கு ஊர் போகிற நீண்ட தூரத்தை ரயிலிடம் ஒப்படைத்துவிட்டு, ரயில் எட்டாத மூலைக்கு மட்டும் காரை வைத்துக்கொள்வதே தனிப் பயணிக்கு ஏற்றது. விமான நிலையத்தில் கார் எடுப்பதை மட்டும் நான் அழுத்தமாகவே மறுப்பேன். இரவெல்லாம் சரியாக உறங்காமல் வந்திறங்கியவர், லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையில் பழக்கமில்லாத வண்டியை ஓட்டக் கூடாது. லண்டனுக்குள்ளோ காரால் ஒரு பயனும் இல்லை. நகர மையத்துக்குள் காரில் நுழைவதற்கான நெரிசல் கட்டணமும் நிறுத்துமிடக் கட்டணமும்தான் மிச்சம்.

வடபகுதிக்கு நான் சொல்லும் வழி இது. லண்டனில் இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டு, கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து யார்க் நகருக்குப் புறப்படுங்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். யார்க்கில் இரண்டு இரவு. பழைய நகரத்தின் மதில்மேல் நடந்துவிட்டு, நிலையத்துக்கு அருகிலேயே உள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்கு அரை நாள் கொடுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. 1938-இல் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி, நீராவி என்ஜின்களில் உலகச் சாதனை படைத்த மல்லார்டு அங்கேதான் நிற்கிறது.

யார்க்கிலிருந்து லீட்ஸ் போய், அங்கே செட்டில் – கார்லைல் தடத்தில் செல்லும் ரயிலைப் பிடியுங்கள். 1876-இல் பயணிகளுக்குத் திறக்கப்பட்ட தடம் இது. 1980-களில் இதை மூடிவிட முடிவெடுத்தபோது ஆயிரக்கணக்கானோர் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். வழக்கமாக இத்தடத்தில் பயணம் செய்த ஒரு நாயின் பாதச்சுவடும் அந்த எதிர்ப்பு மனுக்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது; 1989-இல் அரசு தடத்தைத் தொடர்ந்து நடத்த ஒப்புக்கொண்டது. கார்ஸ்டேல் நிலையத்தில் அந்த நாய்க்குச் சிலை இருக்கிறது, மறக்காமல் பாருங்கள். இந்தத் தடத்தின் பெருமை ரிபிள்ஹெட் பாலம்: 24 வளைவுகள், 400 மீட்டர் நீளம், ஏறத்தாழ 32 மீட்டர் உயரம். ஆனால் பாலத்தின்மேல் போகிற ரயிலுக்குள் இருப்பவருக்குப் பாலத்தின் முழு உருவம் தெரியாது. அதனால் பலர் அதைக் கடந்துபோயும் பாராமலே திரும்புகிறார்கள். நீங்கள் ரிபிள்ஹெட் நிலையத்தில் இறங்கி, வளைவுகளுக்கு அடியில் போகும் மண்பாதையில் சிறிது தூரம் நடந்து செல்லுங்கள். சுற்றிலும் மரமற்ற மேட்டு நிலம். செம்மறியாடுகளைத் தவிர வேறு அசைவில்லை. கருத்த சுண்ணாம்புக்கல் தூண்களுக்கு இடையே புகுந்து வரும் காற்று, ஜூன் மாதத்திலும் மேல்சட்டையை இறுக்கிக்கொள்ளச் செய்யும். பாலம் கட்டிய கூலித் தொழிலாளர்கள் குடும்பத்தோடு குடிசை போட்டு வாழ்ந்ததும் விபத்திலும் நோயிலும் இறந்ததும் இந்த மேட்டில்தான். அவர்களில் பலர் அருகிலுள்ள சாப்பல்-லெ-டேல் தேவாலயத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கே நின்று, தலைக்கு மேலே இரண்டே பெட்டிகளோடு ஒரு ரயில் ஊர்ந்து போவதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பாலத்தின் அளவு எனக்கு உறைத்தது. ரயில்கள் அடிக்கடி வருவதில்லை. இறங்குவதற்கு முன்பே அடுத்த வண்டியின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கார்லைலில் ஓர் இரவு தங்கி, மறுநாள் ரயிலிலேயே நியூகாசிலுக்குப் போய், அங்கே மூன்று நாளுக்குக் கார் எடுங்கள். எடுத்த ஊரிலேயே திருப்பிக் கொடுத்தால், வேறு ஊரில் விடுவதற்கான கூடுதல் கட்டணம் மிச்சமாகும். முதல் நாள் மேற்கே, ரோமானியப் பேரரசர் ஹாட்ரியன் கி.பி. 122-இல் கட்டத் தொடங்கிய மதிலுக்கு. ஏ69 பெருஞ்சாலையை விட்டு பி6318 சாலையில் போங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் படைகள் செல்வதற்காகப் போட்ட சாலை அது; பல இடங்களில் மதிலின் கற்களையே பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். கோடு கிழித்தாற்போல நேராக ஓடினாலும் திடீர் திடீரென்று பள்ளத்தில் இறங்கி மேடேறும். எதிரே வருகிற வண்டி மேட்டின் உச்சி வரை கண்ணில் படாது. ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் இறங்கி மதிலோடு ஒரு மணி நேரமாவது நடந்து பாருங்கள்.

அடுத்த நாள் வடக்கே, பாம்பரோ கோட்டைக்கும் லிண்டிஸ்பார்ன் என்ற புனிதத் தீவுக்கும். கார் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதன்மையான காரணமே இந்தக் கடற்கரைதான். கி.பி. 635-இல் மடம் நிறுவப்பட்டு, 793-இல் வைக்கிங்குகளால் சூறையாடப்பட்ட தீவு அது. கரைக்கும் தீவுக்கும் இடையிலுள்ள சாலை நாளுக்கு இரண்டு முறை கடலுக்குள் மூழ்கிவிடும். பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்களை நார்தம்பர்லேண்ட் கவுன்டி நிர்வாகம் முன்கூட்டியே வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அன்றைய நாளையே திட்டமிட வேண்டும். சாலையின் நடுவே கால்கள்மேல் நிற்கும் ஒரு வெள்ளை மரக்கூண்டைக் காண்பீர்கள். நேரம் தவறித் தண்ணீரில் மாட்டிக்கொண்டவர்கள் ஏறித் தப்புவதற்காக வைத்தது அது. முன்னே போகிற கார் போகிறதே என்று பின்தொடராதீர்கள். அட்டவணையில் நேரம் முடிந்துவிட்டால், சாலை உலர்ந்து தெரிந்தாலும் இறங்க வேண்டாம்.

காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லண்டன் திரும்பும் வழியில் டரமில் ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் அங்கிருந்து லண்டனுக்குப் புறப்படும்போது இடப்பக்கச் சன்னலோரம் உட்கார்ந்தால், உயரமான பாலத்தின்மேல் ரயில் செல்லும்போது, 1093-இல் கட்டத் தொடங்கிய பேராலயம் ஆற்றுவளைவின் மேட்டில் எழுந்து நிற்பதைப் பார்க்கலாம்.

கேள்வி: இங்கிலாந்தில் ஒரே தூரத்துக்கு ஒருவர் ஒரு விலையும் இன்னொருவர் மூன்று மடங்கு விலையும் கொடுக்கிறார்களாமே, எப்படி? டிக்கெட்டை எப்போது வாங்க வேண்டும்?

பதில்: மூன்று வகை டிக்கெட்டுகள் இருப்பதுதான் காரணம். அட்வான்ஸ் டிக்கெட் மிக மலிவு. ஆனால் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட ரயிலில் மட்டுமே செல்லும், தவறவிட்டால் போனதுதான். ஆஃப்-பீக் டிக்கெட் நெரிசல் இல்லாத நேரத்து ரயில் எதிலும் செல்லும். எனிடைம் எப்போதும் செல்லும், விலையும் அதற்கேற்ப இருக்கும். அட்வான்ஸ் டிக்கெட்டுகள் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் முன்பே விற்பனைக்கு வருகின்றன. லண்டன் – யார்க் போன்ற நீண்ட பயணங்களுக்கு அவற்றை முதலிலேயே வாங்கிவிடுங்கள். வழியில் இறங்கிப் பார்க்க நினைக்கும் நாளுக்கு மட்டும் அட்வான்ஸ் வாங்காதீர்கள், அதில் இடையில் இறங்கி மறுபடி ஏற முடியாது. மேலே நான் சொன்ன ரிபிள்ஹெட் நாளுக்கு ஆஃப்-பீக்தான் பொருந்தும். அந்த டிக்கெட் இடையில் இறங்க இடம் தருகிறதா என்பதையும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் தாமதமானால் 'டிலே ரிபே' என்ற திட்டத்தின்படி பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். பல நிறுவனங்களில் 15 நிமிடத் தாமதத்திலிருந்தே இது கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பணி நடப்பது அங்கே வழக்கம். ரயிலுக்குப் பதில் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். ஆகவே நீண்ட பயணத்தை ஞாயிறன்று வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. டிசம்பர் 25 அன்று ரயில்கள் ஓடுவதில்லை.

கேள்வி: வாடகைக் கார் எடுக்கும்போது கவுன்டரில் பல காப்பீடுகளைத் தலையில் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எதை ஏற்பது, எதை மறுப்பது? இந்திய ஓட்டுநர் உரிமம் போதுமா?

பதில்: சுற்றுலா வருகிறவர் இந்திய உரிமத்தைக் கொண்டே பன்னிரண்டு மாதம் வரை அங்கே கார் ஓட்டலாம் என்பது சட்டம். ஆனால் வாடகை நிறுவனம் தன் விதிப்படி சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கேட்கலாம்; ஊரிலிருந்து கிளம்பும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தைப் பிடித்துவைக்க உங்கள் பெயரிலுள்ள கிரெடிட் கார்டு வேண்டும். மகன் கார்டு, கணவர் கார்டு செல்லாது. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமென்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். வாடகை சற்றுக் கூடும் என்றாலும், புது நாட்டில் தனியாக ஓட்டுகிறவருக்கு அது வீண் செலவு அன்று.

காப்பீட்டில் 'எக்ஸஸ்' என்ற சொல்லைத்தான் பார்க்க வேண்டும். வண்டிக்குச் சேதம் வந்தால் உங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டிய உச்சத் தொகை அது. ஆயிரம் பவுண்டைத் தாண்டுவதும் உண்டு. அந்தத் தொகைக்குத் தனியே காப்பீடு எடுக்கலாம். கவுன்டரில் எடுப்பதைவிடப் புறப்படும் முன் எடுப்பது பெரும்பாலும் மலிவு. சக்கரம், டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி ஆகியவற்றுக்கும் அது பொருந்துமா என்று படித்துப் பாருங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு குறுகிய கிராமத்துப் பாதையில் எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கியபோது, இடப்பக்க முன்சக்கரத்தின் விளிம்பு கல்லில் உரசி, கட்டைவிரல் நீளத்துக்கு வெள்ளைக் கீறல் விழுந்தது. நான் எடுத்த காப்பீட்டில் சக்கரம் சேராததால் முழுத் தொகையும் என் கணக்கில் ஏறியது. அதைவிட வருத்தம், பின்சக்கரத்தில் முன்பே இருந்த இன்னொரு கீறலுக்கும் பணம் கேட்டார்கள். அது பழையது என்று காட்ட என்னிடம் படம் இல்லை. ஆகவே சாவியை வாங்கியதும் நான்கு சக்கரங்களையும் குனிந்து பார்த்து, வண்டியைச் சுற்றி வந்து, எரிபொருள் முள்ளையும் மைல் கணக்கையும் சேர்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அப்படியே.

கேள்வி: நம்மைப் போல அங்கேயும் இடப்பக்கம்தானே ஓட்டுகிறார்கள். அப்படியானால் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது?

பதில்: பக்கம் ஒன்றுதான், பழக்கம் வேறு. ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்கே முதலுரிமை. உள்ளே நுழையும் முன் கோட்டருகே காத்திருந்து, இடைவெளி கிடைத்த பிறகே நுழைய வேண்டும். மூக்கை நுழைத்து இடம் பிடிக்கும் வழக்கம் அங்கே செல்லாது. வழி தவறினால் பதறி வளைக்காமல் இன்னொரு சுற்று சுற்றி வாருங்கள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். வரிக்குதிரைக் கோட்டில் கடக்கக் காத்திருப்பவருக்கு நிற்க வேண்டும். ஹாரன் அடிப்பதைச் சண்டைக்கு இழுப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

வேகம் மைல் கணக்கில்: ஊருக்குள் பெரும்பாலும் 30 அல்லது 20, நெடுஞ்சாலையில் 70. வெள்ளை வட்டத்தின் குறுக்கே கறுப்புக் கோடு போட்ட பலகையைப் பார்த்து, கட்டுப்பாடே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்; நடுவில் பிரிப்பு இல்லாத சாலையில் அதன் பொருள் 60 மைல். இருபுறமும் கல்சுவர் எழுந்த ஒற்றை வண்டிப் பாதையிலும் அதே பலகை நிற்கும். அங்கே 60-இல் போகச் சட்டம் விட்டாலும் பாதை விடாது, 25-இலேயே போங்கள். ஒதுங்குமிடம் உங்கள் பக்கம் இருந்தால் அதில் ஒதுங்குங்கள். எதிர்ப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே இந்தப் பக்கத்திலேயே நின்று எதிரே வருகிறவரை ஒதுங்க விடுங்கள். கடந்து போகிறவர் விரல் தூக்கி நன்றி சொல்வார், நீங்களும் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 64 வயது. மூத்தோருக்கு ரயில் கட்டணச் சலுகை உண்டா?

பதில்: உண்டு. 60 வயது நிறைந்தவர்கள் சீனியர் ரயில்கார்டு வாங்கினால் பெரும்பாலான டிக்கெட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறையும். இரண்டு நீண்ட பயணங்களிலேயே அட்டையின் விலை திரும்பிவிடும். லண்டனைச் சுற்றிய பகுதியில் வார நாள் காலை நெரிசல் நேரத்துக்கு மட்டும் இது செல்லாது.

கேள்வி: தனி ஆளுக்கு அறை வாடகை அதிகம் ஆகிறதே, குறைக்க வழி உண்டா?

பதில்: அங்கே வாடகை பெரும்பாலும் அறைக்குத்தான், ஆளுக்கு இல்லை, அதனால் தனியாகப் போகிறவர் இருவருக்கான வாடகையைக் கொடுக்க நேர்கிறது. ஒய்எச்ஏ விடுதிகள் பலவற்றில் பூட்டிக்கொள்ளும் தனி அறைகள் உண்டு, பெயரில் இளைஞர் விடுதி என்று இருந்தாலும் வயது வரம்பு இல்லை. மாணவர்கள் விடுமுறையில் போகும் கோடையில் பல்கலைக்கழக அறைகளும் வாடகைக்குக் கிடைக்கும். டரமில் அப்படி விடும் அறைகளில் சில, பல்கலைக்கழகத்தின் வசமுள்ள பழைய கோட்டைக்குள்ளேயே இருக்கின்றன. ஜூன் கடைசி வாரத்துக்குப் பின் தேதி அமைந்தால் அதற்கே முதலில் கேட்டுப் பாருங்கள்.