டியூசஸ் வைல்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டியூசஸ் வைல்ட் என்பது கேசினோ இயந்திரத்தில் ஆடும் வீடியோ போக்கர். ஐந்து சீட்டு வரும், வேண்டாதவற்றை ஒரு முறை மாற்றலாம், 2 எந்தச் சீட்டாகவும் நிற்கும்.

கேள்வி: முதலில் வந்த ஐந்து சீட்டில் 2 ஒன்றுகூட இல்லை. ஏஸ், ராஜா, 9, 6, 4, இனமும் கலப்பு. ஏஸை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஐந்தையும் மாற்றுங்கள். ஒரே எண்ணில் மூன்று சேர்ந்தால்தான் இந்த ஆட்டத்தில் போட்ட காசாவது திரும்பும் என்பதால், ஜாக் ஜோடிக்கே பணம் தரும் ஆட்டத்தில் பழகிய கையோடு இங்கே வந்து ஏஸைப் பிடித்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. மூன்றில் இரண்டு முறை 2 வராமல்தான் சீட்டு விழும், பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு ஜோடி வந்தால் இரண்டையும் வைத்துக்கொள்வதா, ஒன்றை விடுவதா?

பதில்: எந்தப் பணப் பட்டியலில் (எந்தச் சேர்க்கைக்கு எவ்வளவு என்று இயந்திரம் காட்டுவது) ஆடுகிறீர்கள் என்பதை எழுதாமல் இப்படிக் கேட்டால் நான் எதைச் சொல்வது? ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே எண்ணில் மூன்றும் வேறொரு ஜோடியும்) ஒரு காசுக்கு 3 கொடுத்தால் ஒரு ஜோடியை விட்டுவிடுங்கள். எதை விட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை. 4 கொடுத்தால் இரண்டையும் வையுங்கள். பட்டியலைப் படித்த பிறகே காசு போட வேண்டும்.

கேள்வி: லாஸ் வேகஸில் ஒரு கேசினோவில் நெடுநேரம் தாக்குப்பிடித்தேன், அடுத்ததில் அதே ஆட்டம், அதே திரை, ஆனால் கைப்பணம் விரைவில் கரைந்தது. இயந்திரத்தில் ஏதேனும் செய்து வைத்திருப்பார்களா?

பதில்: செய்திருப்பார்கள், ஆனால் ஒளிவுமறைவாக அல்ல, உங்கள் கண் முன்னால், திரையின் மேற்பாதியில் அச்சிட்டே செய்திருப்பார்கள். நெவாடா விதிகளின்படி, 52 சீட்டுக் கட்டில் ஒவ்வொரு சீட்டும் வருவதற்கு உண்மையில் என்ன வாய்ப்போ அதுவே இயந்திரத்திலும் இருக்க வேண்டும். ஆகவே கேசினோ கைவைக்கக்கூடிய இடம் பணப் பட்டியல் ஒன்றுதான். முழுப் பட்டியலில், அதாவது எதையும் குறைக்காத பட்டியலில், ஒரே எண்ணில் நான்கு சேர்ந்தால் 5 கிடைக்கும். அந்த 5-ஐ 4 ஆக்கிவிட்டு மற்ற வரிகளைத் தொடாமல் விட்டால், பிசகின்றி ஆடுபவருக்கு நூற்றுக்கு 100.8 வரை திரும்பிய பணம் சுமார் 94 ஆகிவிடும். ஏறத்தாழ பதினைந்து கைக்கு ஒரு முறை வரும் சேர்க்கை அது; மொத்த வருவாயில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு வரியிலிருந்துதான் வருகிறது. 25 சென்ட் இயந்திரத்தில் ஐந்து காசு போட்டு மணிக்கு 600 கை ஆடினால் 750 டாலர் புரளும். அதில் சுமார் 50 டாலர் அந்த ஓர் எண்ணுக்காகப் போகும். நான்குக்கு 4 என்று குறைத்தாலும் ஃபுல் ஹவுஸுக்கு 4, ஃபிளஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து) 3, ஸ்ட்ரெய்ட் ஃபிளஷுக்கு (ஒரே இனத்தில் அடுத்தடுத்த ஐந்து) 10, ஒரே எண்ணில் ஐந்துக்கு 16 என்று ஈடுகட்டும் பட்டியலும் உண்டு, அது 99.7 தரும், அதை வெறுக்க வேண்டியதில்லை. ராயல் ஃபிளஷுக்கு (ஒரே இனத்தில் 10 முதல் ஏஸ் வரை) ஐந்து காசில் 4,000 என்று பெரிய எழுத்தில் மின்னும் வரியை எல்லாரும் பார்க்கிறார்கள், நடுவில் இருக்கும் இந்தச் சிறிய எண்ணை எவரும் பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆற்றாமை. முழுப் பட்டியல் இயந்திரங்கள் அருகிப்போனதற்கு, அதைக் கேட்டு வாங்காத ஆட்டக்காரர்களும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: மூன்று 2, இரண்டு 6. ஒரே எண்ணில் ஐந்து என்று 15 தருகிறது. கலைக்கலாமா?

பதில்: முழுப் பட்டியலில், மயிரிழை வேறுபாட்டில், கலைக்கலாம். 6 இரண்டையும் மாற்றினால் நான்காவது 2 வருவதற்கு 47-இல் 2 வாய்ப்பு. அதற்கு 200 கிடைப்பதால் அதன் மதிப்பு மட்டுமே 8.5 ஆகிறது. ஜோடி 10 அல்லது அதற்கு மேலானால் கலைக்காதீர்கள், ஏனெனில் ராயலுக்கு வேண்டிய சீட்டுகளையே நீங்கள் எறிந்திருப்பீர்கள். 16 தரும் இயந்திரத்தில் எந்த ஜோடியானாலும் அப்படியே வையுங்கள். மறுபடியும் பட்டியல்தான்.

கேள்வி: ஒரு காசு மட்டும் போட்டு ஆடினால் இழப்பு குறையுமா?

பதில்: இழப்பு குறையும், விகிதம் கெடும். 2 கலவாத ராயல் ஃபிளஷுக்கு ஒரு காசில் 250. ஐந்து காசில் 4,000. ஐந்து போட முடியாவிட்டால் சிறிய மதிப்புள்ள இயந்திரத்துக்கு மாறுங்கள்.

கேள்வி: மூன்று நாளாக ஒரே இயந்திரத்தில் ஆடுகிறேன். ராயல் வரவேண்டிய நேரம் நெருங்கியிருக்குமா?

பதில்: இல்லை. சராசரியாக 45,000 கைக்கு ஒன்று என்பது தவணைக் கணக்கு அன்று. முந்தைய கையில் என்ன விழுந்தது என்பது அடுத்த கைக்குத் தெரியாது.

கேள்வி: சென்னையில் இருந்தபடி கைபேசியில் பணம் கட்டி ஆடலாமா?

பதில்: கூடாது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது; திறமையா, அதிர்ஷ்டமா என்ற வாதத்துக்கு அதில் இடமில்லை. காசில்லாத பயிற்சிச் செயலியில் ஆடிப் பழகுங்கள். அதிலும் பட்டியலைப் பாருங்கள்.