செரூட்டுக்குத் தமிழ் தேட வேண்டாம்

"செரூட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் என்ன? நல்ல தமிழ்ச்சொல் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ பழைய ஆங்கிலக் கதையை மொழிபெயர்க்கும்போது இந்தச் சொல்லில் தடக்குப்பட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சுருட்டு. அதுதான் பதில். எங்களிடமிருந்து போன சொல் அது.

ஆங்கிலத்தில் செரூட் என்பது இரண்டு முனையும் வெட்டித் திறந்திருக்கும் சுருட்டு. வாய்ப்பக்கம் மூடியிருந்து, வெட்டிவிட்டுப் பற்ற வைப்பதைச் சிகார் என்பார்கள். அது ஸ்பானிய வழி வந்தது. 17ஆம் நூற்றாண்டிலேயே செரூட் ஆங்கிலத்துக்குள் போய்விட்டது.

இதற்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. என் ஐயா யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் சுருட்டுச் சுற்றியவர். எட்டாம் வகுப்பில் தமிழ்ப்பாடம் எடுத்த ஆசிரியர், போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்களைக் கரும்பலகையில் எழுதினார்: மேசை, கதிரை, அலுமாரி, சப்பாத்து, பாண். எல்லாம் சரி. கடைசியில் சுருட்டையும் எழுதினார். "இவன்ர தேப்பன் செய்யிற தொழிலுக்குப் பேர் குடுத்ததே பறங்கியள்தான்" என்று என்னைக் காட்டிச் சொன்னார். வகுப்பே சிரித்தது.

வீட்டுக்கு வந்து ஐயாவிடம் சொன்னேன். கொட்டிலில் பலகைக்கு முன்னால் இருந்தவர் கையை நிறுத்தவில்லை. "பாயைச் சுருட்டுறம். அதையும் பறங்கியே சொல்லித் தந்தவன்? பூட்டுறது பூட்டு, சுருட்டுறது சுருட்டு" என்றார். ஐயா ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆனால் கொட்டிலில் ஒருவர் பேப்பர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். உலக விசயம் முழுக்க அவருக்குத் தெரியும்.

கனகாலம் கழித்து, ஆங்கிலத்துக்குள் போன இந்தியச் சொற்களுக்காக யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ஹாப்சன் ஜாப்சன் அகராதியைப் பார்த்தேன். செரூட்டுக்கு மூலம் தமிழ் என்றே போட்டிருந்தது. போர்த்துக்கேய மொழியிலும் கிட்டத்தட்ட ஷருட்டு என்றுதான் ஒலிக்கும். அவர்கள் எங்களிடம் எடுத்தது அது. அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு வேர் இல்லை. தமிழில் சுருள், சுருண்டு, சுருட்டு என்று குடும்பமே இருக்கிறது. சிங்களத்திலும் சுருட்டுவ என்பார்கள்.

புகையிலை அமெரிக்காவிலிருந்து வந்த பயிர்தானே என்று ஒருவர் வருவார். ஓம், பயிர் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களும் போர்த்துக்கேயர்தான். யாழ்ப்பாணத்தை 1619இல் பிடித்து 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தவர்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புகையையும் இலையையும் சேர்த்துப் பெயர் வைத்தது நாங்கள். பிறகு இங்கே விளைந்த புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. மலையாளத்தில் யாப்பாணம் புகையில என்ற பேச்சு அப்படி வந்ததுதான்.

நான் மொழியியல் படித்தவன் இல்லை. புகைக்கச் சொல்லவும் இல்லை; ஐயா கடைசி நாலு வருசமும் இருமலோடுதான் கிடந்தார். அதை வைத்து எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவருடைய மரணப் பதிவுக்குப் போனபோது, தொழில் என்ற இடத்தில் "சுருட்டுத் தொழிலாளி" என்று எழுதச் சொன்னேன். அங்கிருந்த எழுதுவினைஞர் நிமிர்ந்தும் பார்க்காமல் "கூலி" என்று எழுதினார். திருத்தக் கேட்டேன், "எல்லாம் ஒண்டுதானே" என்றார். ஒன்றில்லை. ஈரம் பார்த்து, காம்பு நீக்கி, மேல் இலை கிழியாமல் ஒரே அளவில் நூற்றுக்கணக்கில் சுற்றப் பழகுவதற்கு வருடங்கள் போகும். அந்தத் தாளை இன்றைக்கு எடுத்தாலும் அந்த ஒரு சொல்லில்தான் கண் போய் நிற்கிறது.

உங்கள் மொழிபெயர்ப்பில் புகைக்குழல், புகையுருளை என்று புதிதாக எதையும் கட்டாதீர்கள். சுருட்டு என்றே போடுங்கள்.